கை தூக்க இடம் விட்ட ரவிக்கை

இல்லை, அன்று மழை இல்லை. மலையிலும் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். மழை பெய்தது என்று நான் சொல்லிவிட்டால் அவர்கள் மனம் கொஞ்சம் சமாதானமாகும் போலிருக்கிறது. வானம் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. மேற்கு மலையில் மரம் மரமாகத் தெரிந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முதல் மணி அடித்தாகிவிட்டது. சூசையம்மாள் அக்கா மணிக்குப் பிந்தி வருகிறவர் அல்ல. பிள்ளைகள் வாசலைப் பார்த்தபடியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெபத்தின் நடுவில் ஒரு பெண் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடவுக்குப் போகிற பெண். மார்புவரை நனைந்திருந்தாள். தலைமுடி நனையவில்லை. அதை ஏன் கவனித்தேன் என்று தெரியவில்லை.

"வாத்தியாரம்மாவ ஆறு கொண்டு போயிருச்சு தாயி," என்றாள்.

"எந்த வாத்தியாரம்மா?" என்று கேட்டேன்.

எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் இரண்டே பேர். ஒருத்தி நான். இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

அவரை அறிந்தவர்கள் பலர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள். அவர் விரல் பிடித்து மணலில் முதல் எழுத்தை எழுதியவர்கள் இருக்கிறீர்கள். மகளை அவரிடம் விட்டுவிட்டுக் கவலையில்லாமல் வயலுக்குப் போனவர்கள் இருக்கிறீர்கள். அவருடைய பக்தியையும் பொறுமையையும் பற்றிச் சுவாமியார் அடக்கப் பூசையில் சொல்லிவிட்டார். நான் அவர் உடுத்தியதைப் பற்றி எழுதப்போகிறேன். அது சிறிய விஷயம் என்று தோன்றினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

சென்னைக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்துவிட்டு நான் உங்கள் பள்ளத்தாக்குக்கு வந்தபோது என் பெட்டியில் நான்கு வெள்ளை ரவிக்கைகள் இருந்தன. மணிக்கட்டுவரை கை. கழுத்தை மூடிய பட்டை. பொத்தான்கள் முதுகில். மிஷன் ஆசிரியைகளின் உடுப்பு அதுதான். அதன்மேல் வெள்ளைச் சேலை, முன்கொசுவம் வைத்து, பாதம் மறையும் நீளத்துக்கு.

முதல் நாள், கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினேன். அக்குளில் தையல் விட்டது. வகுப்பு முழுவதும் கேட்கிற சத்தம். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் கையை இறக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் பலகையைப் பார்த்தபடி நின்றேன்.

பின்னால் யாரோ வந்து முந்தானையால் என் தோளை மூடினார்கள். காதருகே ஒரு குரல்.

"பட்டணத்துல யாரும் கையத் தூக்கவே மாட்டாகளா தங்கச்சி?"

அப்படித்தான் அவர் எனக்கு அறிமுகமானார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தப் பள்ளியிலேயே படித்து அந்தப் பள்ளியிலேயே ஆசிரியையானவர். மதியம் என் ரவிக்கையை வாங்கி, கிழிந்த இடத்தை மூடித் தைக்காமல் இன்னும் கொஞ்சம் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுத் துணியைச் சாய்சதுரமாக வெட்டி அங்கே வைத்துத் தைத்தார். போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"இப்பத் தூக்கு."

தூக்கினேன்.

"இன்னும். சாமி கும்புடுற மாதிரி இல்ல. ஒட்டடை அடிக்கிற மாதிரி."

தூக்கினேன். ஒன்றும் இழுக்கவில்லை. கைக்கு மேலே காற்று இருப்பது அன்றுதான் தெரிந்தது.

*

அவர் உடுப்பைப் பற்றிச் சிந்தித்த விதம் எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. அவர் உடுப்பைப் பார்ப்பதில்லை. வேலையைப் பார்ப்பார். ஒரு நாள் என் கையில் ஒரு பிடி புளியங்கொட்டையைக் கொடுத்து, உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் ஒரு கொட்டையை ஜன்னல் கட்டையில் வைக்கச் சொன்னார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி எழுதுகிறவர்கள். ஒவ்வொருத்தி பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து விரலைப் பிடிக்க வேண்டும். எழுந்து அடுத்தவளிடம் போக வேண்டும். மதியத்துக்குள் என் கையில் கொட்டை தீர்ந்துவிட்டது.

"இந்த உடுப்ப வெட்டுனவுக நாற்காலியில உக்காந்து பாடம் சொல்றவுக," என்றார். "நாம தரையில சொல்றம்."

பிறகு அவர் தைத்த ரவிக்கை இப்படி இருந்தது. முழங்கைக்கு மேலேயே கை முடிந்துவிடும். மணலில் தோயாது, தண்ணீர்ப் பானையில் நனையாது. அக்குளில் அந்தச் சாய்சதுரம். பொத்தான் முன்பக்கம். முதுகில் பொத்தான் இருந்தால் காலையில் இன்னொருவர் வேண்டும். "எனக்கு யாரு பூட்டி விடுவா? அவரா? அவரு மாட்டுக்குத் தும்பு கட்டவே அரை நாளு," என்பார் கணவரைப் பற்றி. இடுப்பின் இடதுபக்கம் உள்ளே ஒரு பை. அதில் சாக்குக்கட்டி, ஊசிநூல், பிள்ளைகளின் மூக்கைத் துடைக்க ஒரு துணி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் ரவிக்கையை வெறுத்தவர் அல்ல. அவருடைய அம்மா ரவிக்கை போட்டவர் இல்லை. போட அனுமதியும் இல்லை. சூசையம்மாள் அக்கா முதன்முதலாக ரவிக்கை போட்டுத் தெருவில் நடந்தபோது, "தொரசானி போறா, வழி விடுங்கடி," என்று பின்னால் கத்தியிருக்கிறார்கள். சாணி எறிந்திருக்கிறார்கள். மறுநாள் துவைத்துப் போட்டுக்கொண்டு அதே தெருவில் நடந்திருக்கிறார்.

"ரவிக்கைய விடுறேன்னு யாரு சொன்னா?" என்பார். "அதுக்குள்ள எனக்கும் எடம் வேணும்ல?"

*

சேலைக்குச் சாயம் போட்ட கதையை அச்சில் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்கிறேன்.

நான் வருவதற்கு முந்தைய ஆண்டு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி உதவி ஆசிரியையாக இருந்தாள். கெட்டிக்காரி. ஒரு நாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாதத்தின் நாள் முன்கூட்டி வந்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சேலை. பின்வரிசைக் குழந்தை பயந்துபோய், "அக்காவுக்கு அடிபட்டிருச்சு," என்று அழுதது. அவள் திரும்பிப் பார்த்தாள். புத்தகத்தைக் கீழே வைத்தாள். வெளியே போனாள். பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. சூசையம்மாள் அக்கா மூன்று முறை அவள் வீட்டுக்கு நடந்திருக்கிறார். அவள் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசியிருக்கிறாள்.

அந்தக் கோடையில் அவர் கணவரிடம் சொல்லி வருசநாட்டுப் பக்கமிருந்து வேங்கைப் பட்டை வரவழைத்தார். கடுக்காயோடு சேர்த்து மொடாப் பானையில் ஊறவைத்தார். தன் வெள்ளைச் சேலைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். காய்ந்த புளியின் நிறம். நான் வந்த சில மாதங்களில் என் சேலைகளிலும் இரண்டு அந்த மொடாவுக்குள் போயின.

"சாக்குத் தூளு தெரியும் அக்கா, இதுல," என்றேன்.

"தெரியட்டும். அது நம்ம சோலி. மத்ததெல்லாம் ஊருக்கு எதுக்குத் தெரியணும்?"

அந்தச் சேலையை அவர் வயல்வேலைக்குப் போகிற பெண்களைப் போலப் பின்கொசுவம் வைத்துக் கட்டுவார். கெண்டைக்கால்வரை. குந்தினால் அவிழாது. எழுந்தால் தடுக்காது. எனக்கும் கட்டக் கற்றுக்கொடுத்தார். கண்ணாடி இல்லாத அறையில் நான் இரண்டு எட்டு நடந்து பார்த்தேன். கால்கள் எனக்கே திரும்பி வந்தன.

*

இனி ஆறு.

பள்ளிக்கூடம் ஆற்றுக்கு மேற்கே, தேவாரம் போகிற வண்டிப்பாதையில். அவர் ஊர் கிழக்கே. பாலத்துக்குப் போனால் இரண்டு மைல் சுற்று. நான் பள்ளியை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். எனக்கு ஆற்றைக் கடக்கிற வேலையே இல்லை.

முன்பெல்லாம் சித்திரையில் ஆறு வெறும் மணல். பிறகுதான் மலைமேல் அணை கட்டி, மலையைக் குடைந்து, மேற்கே ஓடிய தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் சந்தோஷப்பட்டது. இரண்டாம் போகம் நட்டார்கள். ஆறு வற்றுவது நின்றுபோயிற்று. சூசையம்மாள் அக்கா காலையும் மாலையும் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறினார். சாயச்சேலையின் கீழ்விளிம்பைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வார். கரையேறி இறக்கிவிட்டால் முதல் மணி அடிப்பதற்குள் காய்ந்துவிடும். மெல்லிய நூல்.

நடவுப் பெண்களோடு சேர்ந்துதான் கடப்பார். ஒரு நாள் நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன வாத்தியாரம்மா, நடவுக்கு வாறீகளா, பள்ளிக்கூடத்துக்குப் போறீகளா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"ரெண்டும் குனிஞ்சு செய்யிற வேலதான்டி," என்றார். "உனக்குப் பயிரு பேசாது. எனக்குப் பேசும். அம்புட்டுத்தான்."

அங்கே ஆற்றில் இறங்குகிறவர்கள் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மலையைப் பார்ப்பார்கள். மேற்கே மேகம் கட்டியிருந்தால் முழங்கால் தண்ணீரானாலும் இறங்கமாட்டார்கள். மலை தெளிவாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் இப்போது வரும் தண்ணீருக்கு வானத்தோடு ஒரு பேச்சும் இல்லை. மேலே யாரோ ஒருவர் ஒரு கதவைத் திறக்கிறார். கீழே ஆறு ஏறுகிறது. எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தும் எல்லோரும் மலையைத்தான் பார்த்தார்கள்.

*

ஊரில் யாரோ எங்கள் பள்ளியை நடத்தும் கன்னியர் மடத்துக்கு எழுதிப்போட்டார்கள். ஆசிரியை கூலிக்காரியைப் போலக் காலைக் காட்டிக்கொண்டு வருகிறார், எங்கள் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று. மடத்தின் தலைவியான தாயார் நேரில் வருவதாக எனக்கு முந்தின நாளே ஆங்கிலத்தில் கடிதம் வந்தது.

அந்த நாட்களில் என் மனம் மதுரையில் இருந்தது. அங்கே பெண் ஆசிரியைகளுக்கான பயிற்சிப் பள்ளியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. தாயார் பரிந்துரைத்தால் கிடைக்கும். நான் விண்ணப்பம் எழுதி அனுப்பியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சூசையம்மாள் அக்காவிடமும்.

தாயார் வருகிற காலையில் பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைச் சேலையை எடுத்தேன். மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை. முன்கொசுவம்.

ஆற்றிலிருந்து ஏறி வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். "என்ன தங்கச்சி, இன்னைக்கி யாருக்குக் கல்யாணம்?"

நான் சேலைகள் துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னேன். கொடியில் ஒன்றும் இல்லை. அவர் கொடியைப் பார்த்தார்.

தாயார் கெட்டவர் அல்ல. இதை எழுதும்போது அவரைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு எவ்வளவோ எளிது. அவருக்கு ஒரு பயம் இருந்தது. வயலில் வேலை செய்கிறவர்களின் மகள்கள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையே பொறுக்காத ஊர்கள் அவை. அந்த வெள்ளை உடுப்புதான் அவர்களைக் காக்கிறது என்று அவர் நம்பினார்.

"சூசையம்மாள், நீ தெருவில் நடக்கும்போது நமது மிஷன் நடக்கிறது," என்றார் தம் இலக்கணத் தமிழில்.

"ஆத்துலயும் அதுதான் எறங்குது தாயே. முழங்கா தண்ணியில."

தாயார் சிரிக்காமல் இருக்க முயன்றதைப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்து வெள்ளைய மாத்திக்கிறேன். ஆத்துக்கு மட்டும் இது இருக்கட்டும்," என்றார் அக்கா.

"வழியில்தானே ஊர் பார்க்கிறது? பாலத்தின் வழியாக வா."

"ரெண்டு மைலு சுத்து தாயே. கைப்பிள்ளைகளத் தூக்கிட்டு வாறவுக வெள்ளனயே வந்து நிப்பாக. வெயிலுக்கு முன்ன பள்ளிக்கூடம் தொறக்க வேணாமா?"

தாயார் என் பக்கம் திரும்பினார். "நீ படித்தவள். இரண்டும் உடுத்தியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சொல். இந்த உடுப்பு வேலைக்கு அவசியமா?"

நான் யோசித்தேன். யோசித்ததுதான் எனக்கு மறக்கவில்லை. பயத்தில் உளறியிருந்தால் மன்னித்துக்கொண்டிருப்பேன்.

"அவசியம் என்று சொல்ல முடியாது, தாயே," என்றேன்.

தப்பில்லாத வாக்கியம். அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. வசதியில்லை என்றும் சொல்லவில்லை. எந்த விசாரணையிலும் பொய் என்று பிடிக்க முடியாத வாக்கியம். கல்லூரியில் இப்படிப்பட்ட வாக்கியங்களுக்கு மதிப்பெண் கிடைக்கும். சொல்லி முடித்தபோது அதன் நயத்தில் எனக்கு ஒரு சிறிய திருப்திகூட இருந்தது.

அடுத்த திங்கள் முதல் வெள்ளை, முன்கொசுவம், வழியிலும் வகுப்பிலும் என்று உத்தரவாயிற்று.

*

அவர் கீழ்ப்படிந்தார். தண்ணீர் கூடுதலாக இருந்த நாட்களில் பாலத்தைச் சுற்றி வந்தார். மற்ற நாட்களில் ஆறு. வெள்ளைச் சேலை கனமான துணி. கரையில் நின்று பிழிவார். பாதி நாள் ஈரத்தோடு குந்தி எழுவார். இருமல் வந்தது. குந்தும்போது முன்கொசுவம் சரிந்து, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பிள்ளையின் விரலைப் பிடித்தார். ஒரு பிள்ளை கேட்டது: "வாத்தியாரம்மா, ஒங்களுக்கு வயிறு வலிக்கிதா?"

"இல்ல ஆத்தா. கொசுவம் வலிக்கிது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும். நான் என் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலும் வெள்ளைதான். எனக்கு ஆறு இல்லை, ஈரம் இல்லை. உத்தரவு எங்கள் இருவருக்கும் ஒன்றே.

*

அந்த நாளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நடவுப் பெண்கள் சொன்னது.

"முழங்காத் தண்ணிதான் தாயி. அவுக மலையப் பாத்தாக. நாங்களும் பாத்தம். ஒரு பொட்டு மேகம் இல்ல. எறங்கிட்டம். நடு ஆத்துக்கு வாறதுக்குள்ள சத்தம் மாறிருச்சு. இடுப்புக்கு வந்து, மாருக்கு வந்துருச்சு. நாங்க கோர்த்துப் புடிச்சுக்கிட்டம். அவுக பின்னால. சேல காலச் சுத்திக்கிருச்சு போல. ஒரு எட்டு வைக்க முடியல அவுகளுக்கு."

"சேலைதானா?" என்று கேட்டேன்.

இன்னொருத்தி குறுக்கிட்டாள். "அங்கன பள்ளம் வேற கெடக்கு. மணல் அள்ளிப் போயிருக்கு. கையில சிலேட்டுக் கட்டு வேற. நனையக் கூடாதுன்னு தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிருந்தாக. போட்டுட்டுக் கையக் குடுங்கன்னு கத்துனேன்."

"பழைய சேலை கட்டியிருந்தால் தப்பித்திருப்பார்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அத எப்படித் தாயி நான் சொல்ல?"

இதைப் பலரிடம் கேட்டுவிட்டேன். பள்ளம் என்கிறார்கள். சிலேட்டு என்கிறார்கள். விதி என்கிறார்கள். யாரும் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவசியம் என்று சொல்ல முடியாது. என் வாக்கியத்தை எனக்கே திருப்பித் தருகிறார்கள், அவர்களுக்குத் தெரியாது.

*

பிற்பகலில் கண்டெடுத்தார்கள். கீழே, நாணல் அடர்ந்த திருப்பத்தில்.

குளிப்பாட்டியான பிறகு எதை உடுத்துவது என்று பேச்சு வந்தது. அவர் கணவர் மிக்கேல் அண்ணன் சுவர் ஓரம் நின்றிருந்தார். வண்டிக்காரர். அணை கட்டின காலத்தில் கூடலூர் தாண்டி மலையேறி அதற்கு வண்டி வண்டியாகச் சுண்ணாம்பு கொண்டுபோனவர். யாரையும் பார்க்காமல், "அம்புட்டு வண்டி ஏத்துனேன்," என்றார். "அம்புட்டு வண்டி." பக்கத்தில் நின்ற சிலர் அவர் எதைச் சொல்கிறார் என்று புரியாமல் விழித்தார்கள். எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் என்னைப்போல் இன்னொருவர் இருந்தார்.

கோயில் உபதேசியார் வெள்ளைதான் முறை என்றார். அக்காவின் தங்கை, வீட்டில் மடித்து வைத்திருந்த சாயச்சேலையைக் கொண்டுவந்து வைத்தாள். பேச்சு வளர்ந்தது. உபதேசியார் என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவுக. நீங்களே சொல்லுங்கம்மா."

"அந்தச் சேலை," என்றேன். உடனே சொன்னேன். கை அதைக் காட்டியது.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு எளிதாக இருந்தது. இனி யாருக்கும் பயன்படாத இடத்தில் என் பதில் மிகவும் தெளிவாக வந்தது.

அடக்கத்துக்குத் தாயார் வந்திருந்தார். பெட்டியை மூடும்போது அதனுள் இருந்த நிறத்தை அவர் பார்த்தார். எல்லோரும் கலைந்த பிறகு என் அருகே வந்து நின்றார். கல்லறையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்று உன்னைத்தான் கேட்டேன்."

வண்டியில் ஏறிக்கொண்டார். நான் வேறு பதில் சொல்லியிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளவே அன்று அவர் வந்திருந்தார் என்று அந்த மூன்று சொற்களில் அறிந்துகொண்டேன். இதை அவர் படிப்பார். படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

*

மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. வேண்டாம் என்று எழுதுவேன் என எண்ணினேன். எழுதவில்லை. போனேன். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

இங்கே என் வகுப்பில் பதினான்கு பெண்கள். எல்லோரும் ஆசிரியைகளாகப் போகிறவர்கள். அந்த ஆறு வந்து சேருகிற வைகையில் தண்ணீர் இருக்கும் நாட்களில் நான் படித்துறைப் பக்கம் போவதில்லை. அது அவர் மேல் ஓடி வந்த தண்ணீர் என்று நினைப்பது மூடத்தனம். தெரிந்தே அந்தத் தெருவைச் சுற்றிப் போகிறேன். வெள்ளைச் சேலைகள் கொடியில் வரிசையாக அசையும்போது, கால்கள் இல்லாமல் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அக்குளில் இன்னொருவர் விரல் படுகிறது. வலி இல்லை. ஒரு துண்டுத் துணி அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். புதிதாக வருகிற பெண்ணிடம் எந்த ஊர், எந்த வகுப்புவரை என்று கேட்பதற்கு முன், கையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறேன். பிறகு தரையில் குந்தி எழச் சொல்கிறேன். வெட்கப்படுகிறார்கள். எங்கே இழுக்கிறது என்று கேட்கிறேன். இழுக்கவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொரு முறை கேட்கிறேன். இந்தப் பள்ளியின் உடுப்பு விதியை மாற்றச் சொல்லி மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, இது அவசியமா என்று கேட்டு வந்திருக்கிறது. ஆம் என்று ஒரே சொல்லில் எழுதி அனுப்பினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

தாயாரின் வண்டி அன்று பள்ளி வாசலை விட்டுப் போனபோது நாங்கள் இருவரும் அருகருகே நின்றிருந்தோம். அவர் சாயச்சேலையில். நான் வெள்ளையில். மாட்டுமணிச் சத்தம் தேயும்வரை இருவரும் பாதையைப் பார்த்தோம். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம் என்று மனதில் இரண்டு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"மதுரைக்கு எப்பத் தங்கச்சி கூப்புடுவாக?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. எவ்வளவு நாளாக அவருக்குத் தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாயைத் திறந்தேன். பதிலுக்காக அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போய், சின்ன வகுப்புக்கு மணலைப் பரப்பினார்.